பாதிப் படத்துக்கு எழுதிய தீர்ப்பு

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடை அது. கடையின் பெயரும் 'அண்ணனும் தம்பியும்'தான். பகடை உருட்டிக் கதை ஆடும் கூட்டத்துக்கு மட்டும் அந்தப் பெயர் வேறொரு காரணத்தால் தெரியும். விடுமுறை நாளில் கடையின் மாடியில் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் திருடனாகவும் மந்திரக்காரியாகவும் மாறிப் பகடை போடுவார்கள். விழுந்த எண்ணைப் பொறுத்துக் கதை திரும்பும். கதை சொல்வதில் தம்பி சூரர். ஆட்டத்தின் விதிகளைப் பற்றிக் கடையின் பெயரிலேயே இணையத்தில் எழுதிவந்தார். முகம் தெரியாதவர்கள்கூட அவர் சொல்லை நம்பினார்கள். அண்ணனுக்கு அதில் ரகசியப் பெருமை. அந்தப் பெயர் அப்பா வைத்தது.

அந்த ஆட்டத்தை வைத்தே ஒரு சாகசப் படம் வந்தது. மறுநாளே தம்பி அதைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினார். கதவடைக்கும் மந்திரத்தை ஒரு மந்திரக்காரி ஒருமுறைதான் சொல்லலாம் என்பது விதி. படத்தில் இரண்டு முறை சொல்கிறாள். 'விதி தெரியாதவர்கள் எடுத்த படம். யாரும் போக வேண்டாம்.'

பேருந்து ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். அவரும் அந்த ஆட்டக்காரர்தான்.

"சின்னவர் எழுதினதப் பாத்துட்டு எங்க டிப்போவுல எல்லாரும் டிக்கெட்ட ரத்து பண்ணிட்டோம் சார். நல்லவேளை, தப்பிச்சோம்!"

அண்ணனின் முகம் மலரத் தொடங்கிய அதே நேரம், ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவ எங்கங்க சொல்றா? நேத்துத்தான் என் தங்கச்சியோட போய்ப் பாத்தேன். மொதல்ல அவ சும்மா கையத் தூக்குவா. திருடன் பின்னாடி நின்னு கயித்தால கதவ இழுத்துருவான். இடைவேளைக்கு அப்புறம் அவனே உண்மையச் சொல்றான். தியேட்டரே எழுந்து நின்னு கத்துச்சு."

அண்ணன் உள்ளறைப் பக்கம் திரும்பினார். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"முழுப் படமும் பாத்தியா?"

தம்பி கையிலிருந்த ஈரத் தூளைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இடைவேளையில எழுந்து வந்துட்டேண்ணே. ரெண்டாவது தடவ சொன்னதும் உடம்பெல்லாம் எரிஞ்சது."

"பாதி வெந்தத வாயில போட்டுட்டு உப்பில்லன்னு சொன்ன கதையா இருக்கே!" என்றாள் அண்ணி. ஓட்டுநர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்தவர் கண்ணை அளக்கிற கடையில், கண்ணால் பார்க்காததற்குத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

அன்று மாலை கடையை முன்னதாகவே பூட்டினார். "கிளம்பு" என்றார்.

திரையரங்கில் பாதிப் பேர் பகடைப் படம் போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். திருடன் கயிற்றை எடுத்துக் காட்டியபோது விசில் பறந்தது. தம்பி இருக்கைக்குள் சுருங்கினார். அண்ணன் கடைசி எழுத்து ஓடும்வரை முதுகைச் சாய்க்கவில்லை.

வெளியே வந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டார். "எப்படிண்ணே இருந்துச்சு?"

"அந்த ராட்சசன் விழுந்து விழுந்து ஜோக்கடிக்கிறான். ராட்சசன்னா ஒரு மரியாதை வேண்டாமா? எனக்குப் பிடிக்கல."

தம்பிக்கு உயிர் வந்தது. "அப்ப படம் சுமார்தானே? எழுதினது இருந்துட்டுப் போகட்டுமே."

"பிடிக்கலைங்கறது வேற. நீ சொன்ன குத்தம் அதுல இல்லடா."

"கேவலமாப் பேசுவாங்கண்ணே."

"பேசட்டும். இத்தன நாள் நம்பினவங்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

மறுநாள் காலை, கடை திறக்குமுன் தம்பி கணினி முன் உட்கார்ந்தார். பழையதை அழிக்கப் போன கையை அண்ணன் தடுத்தார். "அது கெடக்கட்டும். கீழயே எழுது." பாதிப் படம் பார்த்து எழுதியது தவறு, மந்திரம் ஒருமுறைதான் வருகிறது என்று தம்பி எழுதினார். அடியில் 'அண்ணனும் தம்பியும்' என்று போடச் சொன்னார் அண்ணன்.

"நீங்க என்னண்ணே தப்பு பண்ணீங்க?"

"போர்டுல ரெண்டு பேரும்தானே இருக்கோம்?"

பதில்கள் வந்து விழுந்தன. 'உங்க கடையில ஒரு கண்ணுக்கு மட்டும்தான் கண்ணாடி தருவீங்களா?' என்றார் ஒருவர். இன்னொருவர் தம்பிக்குப் 'பாதிக்கண்ணாடி' என்று பெயரே வைத்துவிட்டார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தம்பியின் காது சிவந்தது. அண்ணன் ஒன்றையும் தாண்டாமல் படித்தார்.

கடைசியில் ஓட்டுநர் எழுதியிருந்தார்: 'நாங்க எல்லாரும் இந்த வாரம் போறோம். முழுசாப் பாத்தீங்களே, படம் எப்படி?'

தம்பி அண்ணனைப் பார்த்தார்.

"எனக்கு ராட்சசனப் பிடிக்கலன்னு எழுது. என் பேர்ல."

அவ்வளவுதான், கூட்டமே அவர்மேல் பாய்ந்தது. ராட்சசன்தான் படத்தின் உயிர், பெரியவருக்கு நகைச்சுவையே தெரியாது என்று ஆளுக்கொரு வாதம். அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நகருடா. இவங்களுக்கு நானே பதில் சொல்றேன்."