எதிர்வீடு வெகுதூரம்

மேசைக்காரம்மா தன் வீட்டு வாசலில் இறங்கித் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். முன்பு அப்படியில்லை. முன்பெல்லாம் இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினால் நடுவே தெரு அகன்றுவிடும் என்பது அந்த ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம். பல தெருக்கள் அகன்றன. ஆனால் இந்தத் தெரு மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரு பக்கம் மழை கொட்டும்போது மறுபக்கம் துணி காய்ந்தது. நட்டநடுவில் ஒருவர் டீக்கடை போட்டார், வியாபாரம் மோசமில்லை. தபால்காரர் ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று முறை வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் இருந்தது வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தங்கை, தையல்காரி. தங்கை புருஷனுக்கு வேலை போய் அவன் வீட்டோடு இருந்த சமயம். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் பார்க்க, அக்கா சொன்னாள்: "உன் வீட்டுக்காரருக்கு என்னடி, உக்காந்து திங்கத்தானே தெரியும்!" விளையாட்டுக்குச் சொன்னாளாம். நல்ல விளையாட்டு! நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அந்த மனுஷன் அதற்கப்புறம் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் கொறிப்பான், அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தான். துக்கத்துக்கு அக்கா வரவே கூடாது என்று தங்கை சொல்லியனுப்பினாள். மறுநாள் விடிந்தபோது தெரு ஒரு வண்டி அகலம் கூடியிருந்தது. அதற்கப்புறம் அது நிற்கவில்லை.

நகராட்சிக்குத் தலைவலி ஆரம்பித்தது. அகன்ற தெருவுக்கெல்லாம் தார் போட்டு மாளுமா? இந்த நிலையில் வேறொரு தெருவில் குழாய் வெடித்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் மேசை நாற்காலியைத் தெருவில் போட்டு, பகல் முழுக்க அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசித் தீர்த்தார்கள். மறுநாள் பொறியாளர் அளந்து பார்த்தால் அந்தத் தெரு சுருங்கியிருந்தது. உடனே நகர்மன்றம் கூடியது. பேசாத வீட்டுக்கு அபராதம் போடலாம் என்றார் ஒரு உறுப்பினர். தலைவியம்மாள் சிரித்துவிட்டார். "அபராதம் போட்டா நம்மகிட்டயும் பேசமாட்டாங்கய்யா. ஒரு நாளைக்கு வண்டிய நிறுத்துவோம், மேசை நாற்காலி குடுப்போம், கட்டணமே வேணாம். மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க." ஒரே ஒரு நிபந்தனை: தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும்.

அந்த மேசைகளுக்குப் பொறுப்பாக நகராட்சிக் கிடங்கில் இருந்தவள்தான் நம் மேசைக்காரம்மா. தெருத்தெருவாக மேசையை இறக்கினாள், விரிப்பு போட்டாள், கால் ஆடும் மேசைக்கு அட்டையை மடித்துச் செருகினாள். அவள் கண்ணெதிரிலேயே பல வருஷம் முகம் பார்க்காதவர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், உப்பைக் கேட்டார்கள், அப்புறம் சண்டை போட்டார்கள், அதற்கப்புறம் அழுதார்கள். சாயங்காலம் அவள் மேசையை மடிக்கும்போது தெரு பழைய அகலத்துக்கு வந்திருக்கும். "உங்க தெருவுக்கு எப்பம்மா?" என்று பொறியாளர் கேட்டால், "அவ வந்து கேக்கட்டும். சின்னவதானே?" என்பாள். அந்தப் பக்கம் தங்கையோ, "சொன்னது யாரு? அவதானே வரணும்?" என்றாளாம். வீம்புக்கு அக்கா என்ன, தங்கை என்ன! இந்த இழுபறியில் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது.

தங்கை படுத்த படுக்கையாகிவிட்டாள் என்ற சேதியைத் தபால்காரர்தான் கொண்டுவந்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மேசைக்காரம்மா நேரே கிடங்குக்குப் போனாள். யாரையும் கேட்காமல் ஒரு மேசையையும் இரண்டு நாற்காலியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினாள். வெயில் ஏறியபோது டீக்கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தங்கச்சியும் போன மாசம் இது வரைக்கும் வந்துச்சும்மா. இந்த பெஞ்சுலதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. இன்னும் பாதி இருக்கான்னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன். முடியலன்னு திரும்பிருச்சு."

"ஐயோ, பாவி நான்!" என்று மேசைக்காரம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வாங்கிய டீயைக் குடிக்காமலே வண்டியைத் தள்ளினாள்.

பொழுது சாயும் நேரம் போய்ச் சேர்ந்தாள். தங்கை எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். தையல் இயந்திரத்தில் ஒரு குழந்தைச் சட்டை பாதியில் நின்றிருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்த அக்கா அழுதாள்.

"அதை நான் மறக்கலக்கா. மறக்கவும் மாட்டேன்," என்றாள் தங்கை. "ஆனா வந்துட்டே. நிக்காத, உக்காரு."

கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இருட்டும்வரை யாரைப் பற்றியெல்லாமோ பேசினார்கள். பொறியாளரின் மீசையைப் பற்றிச் சொன்னபோது தங்கை சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். தூங்குவதற்கு முன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்க் கேப்போம்கா," என்றாள். விடியும்போது கை சில்லிட்டிருந்தது.

தங்கை சொன்னதை மேசைக்காரம்மா தபால்காரரிடம் சொல்லியனுப்ப, நேரில் வராமல் கேட்டது செல்லுமா என்று நகராட்சியில் பேச்சு வந்தது. தலைவியம்மாள் பேச்சை அங்கேயே நிறுத்தினார். "ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. மேசைய அனுப்புங்க," என்றார். இரு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். இந்தப் பக்கத்தார் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நடந்து வந்தார்கள். முதல் ஆட்களுக்குத்தான் தூரம் இருந்தது, பின்னால் வந்தவர்கள் நாலு எட்டில் வந்துவிட்டார்கள். தையல்காரியை அடக்கம் செய்துவிட்டு வந்து, எல்லாரும் ஒரே வரிசை மேசையில் உட்கார்ந்து அவளைப் பற்றியே பேசினார்கள். அவள் தைத்த சட்டை போடாதவர் அங்கே யாருமில்லை. டீக்கடைக்காரர் கடையைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனார்.

மற்றத் தெருக்கள் பழைய அகலத்தோடு நின்றன. இது நிற்கவில்லை. மேசைகளை மடித்த பிறகும் அந்த இரண்டு வீடுகளும் நகர்ந்துகொண்டே வந்து, வாரக் கடைசியில் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டன. பழையபடி அகலமாக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தால் போதும் என்று பொறியாளர் யோசனை சொன்னார். "இருக்கட்டும்யா," என்றாள் மேசைக்காரம்மா. நகராட்சி அந்த இடத்தில் 'வழி இல்லை' என்று ஒரு பலகை நட்டது. வண்டிகள் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகின்றன. அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தங்கையின் அறை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "அடியேய், போயிட்டு வரேன்," என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தபால்காரர் இரண்டு வீட்டுத் தபாலையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்.