கதைத்துணிப் பை

சோப்பு உறைகளில் அச்சாகும் வாசகங்களைத் திருத்துவது அவள் வேலை. விடுபட்ட க், ச், த், ப் என்ற ஒற்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அலுவலகத்தில் 'ஒற்றக்கா' என்று பெயர் விழுந்தது. நாளடைவில் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பதினோராவது வருடம் ஒரு நாள், 'ஏழே நாளில் வெள்ளை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது அவளுக்கு வாய் கசந்தது. ஏழு நாளில் யாரும் வெள்ளையாகவில்லை என்பது அவளுக்கும் தெரியும், சோப்புக்கும் தெரியும்.

"நாலு பேருக்கு உதவுற எடத்துல வேலை பாக்கணும்" என்று அக்காவிடம் சொன்னாள்.

செய்தித்தாளுக்குள் இருந்த அத்தான் தலையை நீட்டினார். "தாராளமா பாரு. முதல்ல நம்ம வீட்டுக்கு உதவு. பாத்ரூம் குழாய் ஒரு வாரமா ஒழுகுது."

மூன்று மாதம் அலைந்தாள். ஓரிடத்தில் 'எங்கள் நோக்கத்தை ஏன் நேசிக்கிறீர்கள்' என்று ஐந்து பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, பதிலே போடவில்லை. இன்னோரிடத்தில் தோல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர், "சேவைக்கு வர்றவங்க சம்பளம் கேக்கலாமா?" என்று வருத்தப்பட்டார். கடைசியில், தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அவர்களுடைய வாழ்க்கையை ஆண்டு மலருக்கு எழுதும் வேலை. முதல் வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் கொடுத்த கோப்பு ஒரு தையல்காரம்மாவுடையது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அழுத்தும் இயந்திரத்தில் வலது கையின் மூன்று விரல்களை இழந்தவர். ஒற்றக்கா அவரோடு போனில் இரண்டு மணிநேரம் பேசினாள். இடது கையால் தைக்கப் பழகியது, விபத்துக்கு முதலாளியைப் பதில் சொல்லவைத்தது, அடிபட்ட இருபது பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தது என்று எல்லாவற்றையும் எழுதி, போனிலேயே படித்துக் காட்டினாள். "அப்படியே நான் பேசுற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா.

நிறுவனத் தலைவி படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். எப்போதும் மெல்லிய குரலில் பேசுகிறவர். "நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா இதப் படிச்சா இவங்களுக்கு நம்ம உதவியே தேவையில்லைன்னு தோணுதே. கண்ணீர் எங்க?"

"அவங்க அழலயே மேடம்."

"நாம அழ வைக்கணும்."

புகைப்படம் எடுக்கும் நாளில் தையல்காரம்மா இஸ்திரி போட்ட நீலச் சட்டையும், கையில் கடிகாரமும், வலது கைக்கு ரப்பர் விரல்கள் வைத்த உறையுமாக வந்தார். தலைமுடியைக்கூட வெட்டிச் சீராக்கியிருந்தார். தலைவி அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு ஒற்றக்காவிடம் திரும்பி, "அலமாரியில கீழ்த்தட்டுல கதைத்துணி இருக்கும், எடுத்துட்டு வாங்க" என்றார்.

அது ஒரு சாக்குப் பை. கட்டை அவிழ்த்ததும் பழைய வேர்வையும் பூஞ்சையும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த வீச்சம் முகத்தில் அறைந்தது. உள்ளே கிழிந்த உடுப்புகள். ஒன்றின் கழுத்து மடிப்பில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது.

"இது யாரோடது?" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாரோடதும்தான்" என்றார் புகைப்படக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொவைச்சுடாதீங்க. தொவைச்சா படத்துல எடுபடாது."

போட மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிடுவார் என்று ஒற்றக்கா எதிர்பார்த்தாள். அவரோ தலைவியைப் பார்த்து, "எங்க சங்கத்துக்கு ஆறு மெஷின் தர்றதா சொன்னீங்க" என்றார்.

"படம் நல்லா வந்தா நிச்சயமா."

பையிலிருந்து ஓர் உடுப்பை எடுத்து நீட்டியது ஒற்றக்காவின் கைதான். அந்த அம்மா அதை வாங்கி, கடிகாரத்தையும் ரப்பர் விரல்களையும் கழற்றி அவளிடமே கொடுத்தார். ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் உட்காரவைத்து, குட்டை விரல்கள் மேலே தெரியும்படி கையை வைக்கச் சொன்னார்கள். "இன்னும் கொஞ்சம் குனிங்க. ஆங், அப்படித்தான்." ஒற்றக்கா ரப்பர் விரல்களைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் கழிவறைக்குக் கை கழுவப் போனாள். பக்கத்துக் குழாயில் தையல்காரம்மா கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினதத்தானே போடுவாங்க?"

"ஆமா" என்றாள் ஒற்றக்கா. பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

அச்சுக்குப் போகும் பிரதி மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்தது, ஒற்றுப் பார்க்க. 'இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடந்த இந்த அபலைக்கு…' அதற்கு மேல் படிக்கவில்லை. அலமாரியைத் திறந்து பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு வந்தாள்.

தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "அது ஆபீஸ் பொருள்மா."

"அசிங்கம் மேடம் அது."

"அந்த அசிங்கத்தாலதான் போன வருஷம் முந்நூறு பேருக்கு வைத்தியம் பாத்தோம். உங்க மனசு சுத்தமா இருந்து யாருக்கு என்ன கிடைச்சது?"

அவள் வேலையை விட்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். பையைத் தூக்கிப்போட்டதால் படம் நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நன்கொடைச் சுவரொட்டியாக ஆளுயரத்துக்கு ஒட்டினார்கள்.

அதைப் பார்த்த அன்றே சங்கத்தைத் தேடிப் போனாள். டயர் கடை மாடியில் ஓர் அறை. ஆறு புது இயந்திரங்களும் வந்திருந்தன. ஒற்றக்கா வாசலிலேயே நின்று, "என்னை மன்னிச்சுடுங்கம்மா. உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றாள்.

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும். என் பையன் அந்த நிறுத்தத்துல பஸ் ஏறுறதில்ல இப்போ. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போறான்." அடுத்த நூலைக் கோத்தார். "மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இங்க ஒரு பொண்ணுக்கு மெஷின் சத்தத்துல காது போயிடுச்சு, தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதணும். எழுதுவீங்களா?"

எழுதினாள். ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண்ணிடம் காட்டி, அவள் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குப் போனாள்.

இப்போது வாரத்தில் மூன்று பிற்பகல் அங்கே போகிறாள். மற்ற நேரமெல்லாம் மருந்துப் பெட்டிகளுக்குள் வைக்கும் சீட்டுகளைத் திருத்தும் வேலை. "கடைசியில சோப்புலேருந்து மாத்திரைக்கு வந்திருக்க" என்கிறார் அத்தான். அவள் சிரிப்பதில்லை. அந்தப் பையின் வீச்சம் இன்னும் கையில் இருப்பதுபோல், சாப்பிட உட்காரும் முன் இரண்டு தடவை கழுவுகிறாள்.