தேடப் போன படகுகள்

மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே அடித்துச் சொன்னபோதும் அவள் அழவில்லை. உடல் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயசு. மீசை என்று சொல்லிக்கொள்ள மேலுதட்டில் நாலு முடி. ஆளில்லாமல் மிதந்த சின்னப் படகை அவள் தம்பிதான் இழுத்துவந்தான். உள்ளே பையனின் சட்டை மட்டும் கிடந்தது.

அந்தக் கரையில் யாரும் எழுதிவைக்காத ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் ஒருவன் காணாமல் போனால், கிடைக்கும்வரை யாரும் வலை இறக்க மாட்டார்கள். அவனைத் தின்ற மீனைப் பிடித்து விற்பதா என்ற கூச்சம். அதனால் படகுகளெல்லாம் தேட மட்டுமே போயின. தம்பியின் படகில் அவள் கணவனும் போனான். மீன் வெட்டும் கொட்டகையில் கத்திகள் கழுவிவைத்தபடியே கிடந்தன. அவள் அங்கேயே, தன் வழக்கமான பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து, ஒரு வாயாவது சாப்பிடு என்று கெஞ்சினாள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அவளுக்கு மனசு இளகியது. பாவம், நிஜமாகவே இளகியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் படகுகள் திரும்பின. பின்னாலேயே கடல் பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு வந்தன. வெறும் படகுக்குப் பின்னால் பறவை வராது. வலையைப் பிரித்து, உதவாத மீனைத் தண்ணீரில் வீசிக்கொண்டு வந்தால்தான் வரும். அங்கே நண்டு பிடித்து விளையாடும் பொடிசுகளுக்கும் இது தெரியும். பிடித்த மீனைத் தார்ப்பாய் போட்டு மூடிய புத்திசாலிகள் பறவைகளை மறந்துபோனார்கள்.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், தம்பியின் படகிலிருந்த தார்ப்பாயை இழுத்தாள். ஐஸுக்கு நடுவே மீன் பளபளத்தது.

"என் புள்ள கிடக்கிற தண்ணியிலயாடா வலை போட்ட? நீயெல்லாம் கூடப்பிறந்தவனா?"

தம்பி அவளைப் பார்க்கவில்லை. இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவனைப் பார்த்தான்.

"இதுக்கு மேல என்னால முடியாது மாமா. நீங்களே சொல்லிடுங்க."

கணவன் எழுந்து நின்றான். "அவன் கடல்ல இல்ல. ஐஸ் லாரியில ஏறி டவுனுக்குப் போயிட்டான். நல்லாத்தான் இருக்கான்."

படகைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான்! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எல்லோரையும் கும்பிடத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால், மற்றப் படகுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கரையில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"மொத நாள் நிஜமாத்தான் தேடினாங்க," என்றான் கணவன். "வீணா அலையறாங்களேன்னு அன்னிக்கு ராத்திரி நான்தான் விஷயத்தைச் சொன்னேன். போன தடவை பஸ்ஸை மறிச்சு, அவன் சட்டையப் பிடிச்சு இறக்கிட்டு வந்தவதானே நீ? கண்ணு முன்னாடியே இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன. இப்ப மட்டும் விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். அதற்காக உயிரோடிருப்பவனைச் சாகடிப்பார்களா?

"யாரு யோசனை இது? உங்களுதா, இவனுதா?"

இரண்டு பேரையும் எப்படித் திட்டுவது என்று நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். தம்பிதான் மெல்லச் சொன்னான்.

"அவன்தான்க்கா. 'ஓடிப்போயிட்டேன்னு சொன்னா அம்மா தேடிக்கிட்டே வந்துடும். செத்துட்டேன்னு சொல்லுங்க, அழுது முடிச்சுடும்'னான்."

படகைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பயந்துபோய், கணவன் அவசரமாக நம்பரைப் போட்டு ஃபோனை நீட்டினான்.

மறுமுனையில் வண்டிகளின் இரைச்சல். நடுவே, "அம்மா? நீயாம்மா? அழறியா?"

அதே குரல். பாதி உடைந்தும் உடையாமலும், காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பினால் கேட்கிற அதே குரல். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மூச்சைக் கேட்டாள்.

"ஆமாப்பா. இன்னும் முடியல," என்றாள். "அழுது முடிச்சதும் சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் கூப்பிடாதே."

ஃபோனைக் கணவன் கையில் வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் தண்ணீரிலிருந்து கரையேறினாள்.