நோயலின் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி

1.

இந்தக் கதை ஒரு வண்டியின் கூரையிலிருந்து எனக்குக் கிடைத்தது. ஆறு வாரமாக அது என் பட்டறையில் நிற்கிறது. வெள்ளை பிக்கப். கூரையிலும் இடப்பக்கக் கதவிலும் செங்காவிக் கறை. பானெட்டின் ஒரு பாதியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வெடித்திருக்கிறது. இதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதா வேண்டாமா என்பதுதான் கதை. சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘அந்த ஜனவரி வானம் செம்பருத்தியைப் போல’

கோடு போட்டு அடித்துவிட்டேன். அன்று வானம் எந்தப் பூவையும் போல இல்லை. காலை பதினொரு மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: ‘நோயல் நல்ல மனிதர்.’

[செத்தவர்களைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறோம். நோயல் சிடுமூஞ்சி. என் பட்டறைக்கு வந்தால் எதையாவது குறை சொல்லாமல் போகமாட்டார். ஆனால் நான் முதுகு பிடித்துப் படுத்திருந்த மூன்று வாரமும், கேட்காமலே விறகு கொண்டுவந்து என் வாசலில் இறக்கியவர் அவர்தான்.]

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2.

கிழக்கு விக்டோரியாவில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. நோயல் மாடு வளர்த்தார். இங்கே ஜனவரிதான் கோடை; மலையிலிருந்து தீ இறங்கிய அன்று, மேல்வயலில் அடைபட்டிருந்த மாடுகளைத் திறந்துவிடப் போனார். கூடவே பட்டன் என்ற நாய். திரும்பும்போது புகையில் பாதை தெரியவில்லை. உழுது போட்டிருந்த நிலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினார். அங்கே எரிய ஒன்றுமில்லை. அப்புறம் வண்டியை விட்டு இறங்கி, காய்ந்த புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டையைப் பார்த்து ஓடினார். நாய் இறங்க மறுத்துவிட்டது.

தீ கடந்துபோன பிறகு விமானம் வந்து தீத்தடுப்புக் குழம்பைக் கொட்டியது. கூரையில் இருக்கும் சிவப்பு அதுதான். சாயங்காலம் தேடிப் போனவர்கள் வண்டிக் கதவைத் திறந்தபோது நாய் உயிரோடு இருந்தது. நோயல் குட்டைக்கு முப்பதடி இந்தப் பக்கம் கிடந்தார்.

‘காரணம் தெரியாமல் வாகனத்தை விட்டு வெளியேறினார்’ என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

3.

மே மாதம் அவர் மனைவி கிளெனிஸ் வண்டியைக் கொண்டுவந்தார்.

“கழுவிப் பாத்துட்டேன் கூக்கி. போகல.” (என் பெயர் குகன். இந்த ஊர் வாயில் அது இருபது வருஷமாகக் கூக்கி.)

“நாலு மாசம் ஆயிடுச்சே கிளெனிஸ். உள்ள இறங்கியிருக்கும். தகரம் வரைக்கும் தேய்க்கணும். இப்படியே விட்டா துரு தின்னுடும்.”

“பேக்கரி வாசல்ல இதை நிறுத்துனா உள்ள பேச்சே நின்னுடுது. ரொட்டி வாங்கிட்டு நான் வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடுறதில்ல.”

“அப்ப அடிச்சிடலாமா?”

“இரு. யோசிக்கணும்.” கதவில் இருந்த சிவப்பைப் பெருவிரலால் தடவினார். “அவரு தொட்ட கடைசிப் பொருள் இதானே.”

மறுநாள் கிரேம் வந்தார். நோயலின் தம்பி; எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர்.

“முழுசா அடிச்சிடுடா. வெள்ளை வேணாம். பச்சை, நீலம், ஏதாவது ஒண்ணு.”

“வண்டி அவங்களுது. அவங்க சொல்லணும்.”

“நீ எப்படா சட்டம் படிச்ச? தெனம் அது என் வீட்டத் தாண்டிப் போவுதுடா. பாக்க முடியல.”

[இந்த இடத்தில் கிரேமைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கண்ணைச் சந்திக்காமல் பேசினான் என்று ஒரு வரி. கண்ணைச் சந்திக்காதது உண்மை. ஆனால் அவர் வண்டியையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார், பாதியில் குரல் உடைந்தது. அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.]

போகும்போது வாசலில் நின்று, “ரேடியோ அன்னைக்கு இரைச்சல்தானே, கூக்கி?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

4.

வாசகரே, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நானும் அந்தப் படையில் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக.

அன்று தீயணைப்பு லாரியை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கிரேம். ரேடியோவில் இரைச்சலே இல்லை. நோயல் தன் வண்டி ரேடியோவிலிருந்து பேசியது கண்ணாடி மாதிரி கேட்டது.

“டேய் கிரேம், ஒண்ணும் தெரியல. வண்டியிலேயே இருக்கவா, குட்டைக்கு ஓடவா? சீக்கிரம் சொல்லு.”

வண்டியை விட்டு இறங்காதே என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவது. இருவருக்கும் தெரியும். ஆனால் கூப்பிட்டது அண்ணன். கிரேம் ரேடியோவைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, “என்ன சொல்ல?” என்றார்.

‘நான் ஒன்றும் சொல்லாமல்’

இல்லை. ஐந்து பிரதிகளில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பிரதியில் முடியாது. நான் சொன்னேன்:

“தண்ணி பக்கத்துலதானே இருக்கு.”

கிரேம் ரேடியோவை அழுத்தி, “குட்டைக்கு ஓடுண்ணா” என்றார்.

விசாரணையில் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன். என் பெயரை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

5.

ஒரு வாரம் கழித்து கிளெனிஸ் வந்தார். பட்டன் நேராக ஓடி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கிரேம்கிட்ட கேட்டுட்டேன், அவன் அழறான், பதில் சொல்ல மாட்டேங்கிறான். நீ அன்னைக்கு லாரியில இருந்தல்ல? நோயல் ரேடியோவுல பேசினாரா?”

“ஏன் கேக்கறீங்க?”

“அவரா பயந்து எறங்கி ஓடியிருந்தா, அடிச்சிடு. அதை நான் தெனம் பாத்துக்கிட்டிருக்க வேணாம். யாராவது எறங்கச் சொல்லியிருந்தா, ஒரு சொட்டு பெயின்ட் படக்கூடாது. அந்த ஆளு பாக்கட்டும். பேக்கரியில, பெட்ரோல் பங்குல, சர்ச் வாசல்ல. சாகுற வரைக்கும் பாக்கட்டும்.”

கம்ப்ரஸரை அணைத்தேன். அணைக்கத் தேவையே இல்லை. அவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

“ஒரே இரைச்சல் கிளெனிஸ். ஒண்ணும் புரியல.”

கிளெனிஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “சரி. அப்ப அடிச்சிடு. அதே வெள்ளை.”

நாயைக் கூப்பிட்டார். அது வரவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே உப்புத்தாளை எடுத்தேன். இடப்பக்கக் கதவைத் தகரம் தெரியத் தேய்த்தேன். சிவப்புத் தூள் முகமூடிக்குள் நுழைந்து வாயில் கரித்தது. கூரைக்கு ஏறினேன். கை ஓடவில்லை. இறங்கிவிட்டேன். கிளெனிஸ் போன் செய்யும்போதெல்லாம், பெயின்ட் இன்னும் வரவில்லை என்கிறேன். பெயின்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது.

6.

இதற்கு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பெயின்ட் அடித்து முடிக்கிறேன். வண்டி புதிது போலப் போகிறது. பேக்கரியில் மறுபடி பேச்சு நடக்கிறது. கிரேம் தூங்குகிறார். [இது நடக்கக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.]

இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். கிளெனிஸ் கறையோடு வண்டியை எடுத்துப் போகிறார். அந்தக் கறையைச் சாகும்வரை பார்க்கவேண்டிய ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் செத்தவரின் தம்பி. என்னைக் காப்பாற்றியவரை நான் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும்.

மூன்று: என் பெயரை மட்டும் சொல்வது, கிரேமை விட்டுவிடுவது. ஆனால் ரேடியோ அவர் கையில் இருந்தது ஊருக்கே

இதை முடிக்கத் தெரியவில்லை.

இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதினேன். கலைக்காக என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பொய். ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் எனக்கு இல்லை.

நேற்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். ‘கிளெனிஸ், ரேடியோ தெளிவாகக் கேட்டது’ என்று முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று கிளெனிஸ் போன் செய்திருக்கிறார். இப்போது எட்டே முக்கால். ஒரு கதவு வெறும் தகரம், கூரை சிவப்பு. மேசையில் ஒரு பக்கம் திறக்காத பெயின்ட் டப்பா, ஒரு பக்கம் அந்தத் தாள்.

நோயலைக் கொன்றது யார் என்று கிளெனிஸுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எதைக் கையில் எடுக்கட்டும்?