பூந்தொட்டியில் எர்த்

கும்மிடிப்பூண்டியில் எட்வர்ட் ஒரு டியூப்லைட்டைத் தன் பின்புறத்தால் எரியவைத்தார். சுவிட்ச் கிடையாது, ஒயர் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தார், எரிந்தது. அந்த வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று திசைமாறிப் போனதாக அவர் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

எட்வர்ட் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பின் அவருக்கு வாய்த்த ஒரே உத்தியோகம், மருமகள் சுகிர்தாவின் ஸ்டிக்கர் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அதை அவர் ஓவர்டைம் போட்டுச் செய்தார். சிப்காட் சாலையில், வீட்டுக்காரர் கோபாலுடைய கட்டிடத்தின் மாடியில் ஒரே அறை. அதற்குள் வினைல் கட்டர். ஸ்டிக்கர் ரோலை முன்னும் பின்னும் இழுத்து, ஊசி போன்ற கத்தியால் எழுத்து எழுத்தாக வெட்டித் தரும் எந்திரம்.

செல்போன் கம்பெனியில் ஷிஃப்டுக்கு நின்று கால் வீங்கிப்போன சுகிர்தா, இனி எவன் விசிலுக்கும் எழுந்திருப்பதில்லை என்று வெளியே வந்து போட்ட கடை அது. இப்போது ஒரு ரசாயனத் தொழிற்சாலை, தன் மின்பலகைகள் அத்தனைக்கும் 'எச்சரிக்கை' ஸ்டிக்கர் கேட்டிருந்தது. சனிக்கிழமை அங்கே பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள். அதற்குள் கொடுத்தால் வருடம் முழுவதும் வேலை. கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை விடியலில் மறுபடி அதே கம்பெனி பஸ். பழைய சூப்பர்வைசர், இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அன்போடு போன் செய்துகொண்டே இருந்தார்.

எந்திரம் 'எச்ச' வரை வெட்டியது. நின்றது.

அணைத்துப் போட்டாள். மறுபடி 'எச்ச'. தாளை மாற்றினாள். 'எச்ச'. நம் பக்கத்தில் அது எச்சரிக்கையில் பாதி அல்ல, முழு வசவு. மேசை முழுக்க வசவு குவிந்தது. சர்ச் திருவிழா பேனர் விஷயமாக வந்த உபதேசியார் அதில் ஒன்றை வாசித்துவிட்டு, சுகிர்தாவுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி வந்த காரியத்தை மறந்து இறங்கிப் போனார்.

எந்திரம் விற்றவர் போனில் விஷயத்தைச் சொன்னார். ஏசி காற்றை உலர்த்துகிறது. உலர்ந்த காற்றில் வினைல் உரசினால் 'ஸ்டேட்டிக்' மின்சாரம் சேர்கிறது. அது எங்கேயாவது 'சுளீர்' என்று பாயும்போது எந்திரத்துக்குப் புத்தி கலங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. சுகிர்தா அவர் சொன்னதையெல்லாம் செய்தாள். ஏசியைக் குறைத்தாள். தரையில் ஈரச்சாக்கு விரித்தாள். பருத்திச் சுடிதாருக்கு மாறினாள். எந்திரம் வெடுக்கென்று இழுக்காமல் இருக்க, ரோலிலிருந்து வினைலை முன்னாலேயே மெதுவாக உருவித் தளர்த்தி விட்டாள். வேகத்தைப் பாதியாக்கினாள். எந்திரம் இப்போது சில சமயம் 'எச்சரி' வரை போயிற்று.

எட்வர்ட் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆலையில் கொடுத்த பாலியெஸ்டர் பேண்ட்டைக் கழற்றமாட்டேன் என்றார். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கைமுடியெல்லாம் எழுந்து தேசியகீதத்துக்கு நிற்பது போல நிற்கிறது, இந்த வயதில் யார் நமக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று கேட்டார்.

கடைசியில் எர்த்தைப் பார்க்கச் சொன்னார் எந்திரக்காரர். சேருகிற மின்சாரம் மண்ணுக்குப் போக வழி இருந்தால் பாதித் தொல்லை விட்டது என்றார். சுகிர்தா பச்சை எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, ஜன்னல் தாண்டி, மாடிக் கைப்பிடிச்சுவர் மேல் இருந்த ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குள் இறங்கியது. தொட்டியில் கற்றாழை. கற்றாழைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் எர்த்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் கோபால், ஒயரிங் உட்பட அந்தக் கட்டிடத்தைத் தானே கட்டியவர் என்பதில் பெருமை உள்ளவர். கேட்டதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எர்த்னா இன்னாமா? மண்ணு. மண்ணுல தான வுட்டுகிறேன்?"

விவரம் மெல்ல வெளியே வந்தது. கட்டிடத்தைச் சுற்றி முழுக்கக் காங்கிரீட் போட்டாயிற்று. மண் தெரிகிற ஒரே இடம் கன்னி மூலை. அங்கே பள்ளம் தோண்டினால் வீட்டு எஜமானனுக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். வேறு மூலையில் தோண்ட வேண்டுமென்றால் புதுக் காங்கிரீட்டை உடைக்கவேண்டும். கோபால் யோசித்தார். ஒயர் மண்ணுக்கு இறங்க முடியாவிட்டால் என்ன, மண் ஒயருக்கு ஏறிவரட்டும். தினமும் தண்ணீர் வேறு ஊற்றுகிறாராம்.

சுகிர்தா காங்கிரீட்டை உடைக்கக் கேட்டாள். ஸ்டேட்டிக்காவது மண்ணாவது, கடல் காத்து அடிக்கிற ஊரில் அதெல்லாம் கட்டுக்கதை, மெஷின்தான் டுபாக்கூர் என்றார் கோபால். மாமனார் கதை அளப்பது போதாதென்று மருமகளும் ஆரம்பித்துவிட்டாள் என்று கீழே போய்ச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அறையில் பழுதான டியூப்லைட்டை மாற்ற அவரே மேலே வந்தார். கையில் புது டியூப். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். வந்ததும், தான் சொன்னதை நிரூபிக்க ஏசியை முழுதாக வைத்து எந்திரத்தை ஓட்டச் சொன்னார். சுகிர்தா ஓட்டினாள். 'எச்ச'. நின்றது.

"நான் சொன்னேன்ல? மெஷினு பேஜாரு."

எட்வர்ட் ரப்பர் செருப்போடு நாற்காலியில் இருந்தார். வினைலை மெதுவாக உருவச் சொல்லி மருமகள் கொடுத்திருந்த வேலையை, கோபால்மேல் உள்ள கோபத்தில் மடிமேல் போட்டுச் சரசரவென்று இழுத்துச் செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே அந்த பேண்ட். இந்தப் பக்கம் ஏசி. திருவள்ளூர் மாவட்டத்துக்கே ஒரு வாரம் சப்ளை செய்யுமளவு மின்சாரம் அவருக்குள் சேர்ந்திருந்தது.

கோபால் டியூப்பின் ஒரு முனைத் தகரத்தைப் பிடித்தபடி, ஸ்டூலைப் போடவேண்டும், இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று மறு முனையை நீட்டினார். அவர் வெறுங்காலோடு நின்றிருந்தது ஈரச்சாக்கின் மேல். எட்வர்ட் எழுந்தார். மறு முனையைத் தொட்டார்.

டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. ஒரே ஒரு முறை, கண் மூடுவதற்குள். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்த ஒரே எர்த், கோபால்தான்.

கோபால் துள்ளிப் போய் மேசைமேல் முதுகு இடிக்க விழுந்தார். டியூப்பை நல்லவேளையாக எட்வர்ட் விடவில்லை. அவர் முகத்தில் கர்த்தரைக் கண்ட களை.

"எரிஞ்சிதா, கோபாலு?"

"எது எரிஞ்சிது? ரோட்ல லாரி லைட்டு அட்சிது."

சுகிர்தா எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். குரலை உயர்த்தவில்லை. "எரியலன்னு நீ சொல்லிட்டா போதும்ணே. நான் இப்பயே சூப்பர்வைசருக்கு போன் போட்டுர்றேன். திங்கக்கெழம பஸ் ஏறிடறேன். எரிஞ்சிதுன்னா, எர்த்து குடு. ராத்திரி கண்ணு முழிச்சாவது வெட்டிடுவேன்."

கோபால் சட்டையை நீவிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். படியேறி வந்துகொண்டிருந்தார் அவர் மனைவி செண்பகம். மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு வந்தவர், கணவனைக் கடந்து உள்ளே வந்து, திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். கோபாலின் நைலக்ஸ் சட்டை முதுகில், கழுத்துக்குக் கீழே நட்ட நடுவில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தாள் அப்பிக்கொண்டிருந்தது. 'எச்ச'.

"இன்னாய்யா இது முதுகுல?"

கோபால் கையைப் பின்னால் விட்டு எடுத்துப் பார்த்தார். உதறினார். அது கையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையிலிருந்து எடுத்தார், இந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. மேசையிலிருந்து தானாக ஒட்டியிருக்கும் என்று முனகினார். தானாக எப்படி ஒட்டும், பசைப்பக்கம் இன்னும் பிரிக்கவே இல்லையே என்று செண்பகம் கேட்டார்.

"ஸ்டேட்டிக்கு கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியே. அது இல்லன்னா, இவங்க ஆளு பாத்து பேரு எழுதி ஒட்டிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

எட்வர்ட் வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

கோபால் தாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்திருந்த சுகிர்தாவைப் பார்த்தார்.

"கொத்தனார இட்டாந்து இப்பயே காங்கிரீட்ட ஒடைச்சிரலாம்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எரிஞ்சிது. இன்னொரு மொனைய நான்தான புட்சிகினு இருந்தேன்."