செம்பியின் இடப்பக்கம்

அடுப்படி ஜன்னலில் நின்றால் லாயத்து முற்றம் முழுக்கத் தெரியும். கோகிலா உலையை ஏற்றிவிட்டு வந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். உலை கொதித்து வழிந்தது.

முற்றத்தில் அவள் புருஷன் நல்லையா, செம்பியை நடத்திக்கொண்டிருந்தான். செம்பி இரண்டு வயதுப் பெண் குதிரைக்குட்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது. செப்புக்குடத்தைப் புளி போட்டு விளக்கிய நிறம். நல்லையா குட்டிக்கு வலப்பக்கமாக நடந்தான். இடது கையில் கயிறு. வழியோடு போகிறவன் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. கோகிலாவுக்குத் தோன்றியது.

குதிரைக்காரன் இடப்பக்கம் நிற்பான். வலது கையால் தலைக்கயிற்றைப் பிடிப்பான். நல்லையாவும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான், கறுப்புக் குட்டி ஒன்று அவனைச் சுவரோடு சேர்த்து அடிக்கும் வரை. அன்று வலது தோள் இறங்கிப்போனது. கை மார்புக்கு மேல் எழவில்லை. இது கோகிலாவுக்கு மட்டும் தெரியும். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவள்தான்.

தவுக்கேக்குத் தெரியாது. தவுக்கே என்றால் முதலாளி. மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் சீனர். பழகாத குட்டிகளை வாங்கி, காஜா பெராங்கில் தன் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் லாயத்தில் பழக்கி, சிங்கப்பூர்ப் பந்தயத்துக்கு அனுப்புவார். கயிறு, சேணம், கடிவாளம் என்று குட்டிக்கு முதல் பாடம் இங்கேதான். அந்த லாயத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு குட்டிக்கு ஒரு கை. முதன்முதலாக முதுகில் ஆள் ஏறும் நாள் வரை அந்த ஒருவனைத் தவிர வேறு யாரும் குட்டியைத் தொடக்கூடாது. அந்த ஒருவனுக்கு லாயத்தை ஒட்டிப் பலகை வீடு. வீட்டுக்குப் பின்னால் கோகிலாவின் பசுக்கள்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள்.

"என்னங்க, எப்பவும் வலப்பக்கமே நிக்கிறீங்க."

"அதுக்கென்ன?"

"சேணத்த வைக்கிறதும் அங்கருந்துதான். வார இழுக்கிறதும் அங்கருந்துதான். இடப்பக்கத்துல ஒரு ஈ பறந்தாக்கூட அது தோல சிலுத்துக்குது."

"பால்காரிக்குக் குதிர தெரிஞ்சுபோச்சா?"

"பசு தெரியும். இடப்பக்கம் உக்காந்து கறந்து பழகின பசுகிட்ட வலப்பக்கம் போய் உக்காந்து பாருங்க. செம்போட சேத்து உங்களையும் உதைச்சுத் தள்ளும்."

நல்லையா சோற்றைப் பிசைந்தான். இடது கையால் பிசைந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா கோகிலா? குதிரைக்கு ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாப் பழக்கணும். ஒரு கண்ணு பாத்தத இன்னொரு கண்ணு நம்பாது. கை கொஞ்சம் சரியாகட்டும். சவாரிக்காரன் வர இன்னும் நாள் இருக்கு."

"சரியாகலன்னா?"

"கொழம்ப ஊத்து."

அன்று சாயங்காலமே ஹனீபா வந்தான். ஊருக்குள் தானியக் கடை வைத்திருப்பவன். லாயத்துக்குக் கொள்ளும் தவிடும் அவன் கடையிலிருந்துதான். மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"நல்லையாண்ணே, சேதி கேட்டீங்களா? ஒங்க ஜாக்கி வர்ற வெள்ளிக்கெழமையே வாரானாம்."

"மாசக் கடைசின்னு சொன்னாங்களே?"

"மாசக் கடைசி மெர்டேக்காலா, சுதந்திர நாளு! அப்பறம் லோரி கெடைக்குமா? எல்லாத்துலயும் கொடியும் ஆளும் ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. அதுக்கு முன்னால குட்டிய சிங்கப்பூருக்கு ஏத்திரணும்னு தவுக்கே நம்ம கடையில நின்னுதான் பேசுனாரு." அவன் சிரித்தான். "பாருங்க, நாட்டு முதுகுலருந்து வெள்ளக்காரன் எறங்குறான். ஒங்க குட்டி முதுகுல ஆள் ஏறுறான்."

நல்லையாவும் சிரித்தான். மூட்டையை இடது கையால் பிடித்துத் தரதரவென்று இழுத்தான்.

"என்னண்ணே, சோத்துக் கைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"மூட்ட கனமில்ல."

"எங்கடை மூட்டையா கனமில்ல? நல்லாக் கேட்டுக்குங்க அக்கா!"

கோகிலா சிரிக்கவில்லை. வண்டி ரோட்டில் இறங்கும் வரை காத்திருந்தாள்.

"தவுக்கேகிட்ட சொல்லிருங்க."

"என்னன்னு? கை போச்சுன்னா? கையில்லாதவனுக்கு எதுக்கு வீடு? பசுவ எங்க கட்டுவ, ரோட்டுலயா?"

"ஜாக்கி இடப்பக்கமாத்தானே ஏறுவான். விழுந்தான்னா?"

"விழுந்தா முரட்டுக் குட்டின்னு பேராயிரும். முரடுன்னு பேர் எடுத்தத எவன் வாங்குவான்?" நல்லையா லாயத்தைப் பார்த்தான். "அத அடிச்சே கொன்னுருவாங்க."

மறுநாள் காலையில் அவன் இடப்பக்கம் போய்ப் பார்த்தான். கோகிலா ஜன்னலை விட்டு நகரவில்லை. அவன் அந்தப் பக்கம் காலடி வைத்ததும் செம்பி பின்வாங்கியது. தெரியாத ஆளைப் பார்த்ததுபோல் கண் வெள்ளை தெரிய உருட்டியது. கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பழக்கதோஷத்தில் அவன் வலது கையை நீட்டிவிட்டான். பிறகு குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் சுற்றிக்கொண்டு வலப்பக்கமே போய்விட்டான்.

மத்தியானங்களில் அவன் சைக்கிளில் ஊருக்குள் போவான். எலும்பு கட்டும் சீன வைத்தியர் ஒருவர் இருந்தார். தைலம் பூசி, பற்றுப் போட்டு அனுப்புவார். வெளியே கேட்டால் ஆணி வாங்கப் போனேன் என்பான்.

அன்று சைக்கிள் வளைவு திரும்பியதும் கோகிலா புல்லுக்கட்டை எடுத்துக்கொண்டு லாயத்துக்குள் போனாள். தவுக்கே பங்களாவில் மத்தியானத் தூக்கம் போடும் நேரம்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். நல்லையாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான்.

அவளுக்குக் குதிரை பழக்கத் தெரியாது. பசு பழக்கத் தெரியும். முரட்டுக் கிடேரி எத்தனையோ அவள் கைக்கு வந்து அடங்கியிருக்கிறது. அதையே செய்தாள். இடப்பக்கமாகப் போய்ப் புல்லைப் போட்டாள். எட்ட நின்றாள். கிட்ட வந்தாள். செம்பி சிலிர்த்து விலகியது. அவள் போகவில்லை. கழுத்திலிருந்து விலா வரை வைக்கோலால் தேய்த்தாள். பிறகு கறக்க உட்காரும்போது செய்வதுபோல் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, "நில்லுடி, நில்லு" என்று முனகினாள். குட்டியின் நெஞ்சு திம் திம் என்று அடித்தது அவள் மண்டைக்குள் கேட்டது. மெல்ல மெல்ல அது இறங்கியது.

அடுத்த நாள் இரண்டு கையையும் முதுகின் மேல் போட்டாள். அதற்கடுத்த நாள் பலகைப் பெட்டியின் மேல் ஏறி, ஈரச் சாக்கைத் தூக்கி முதுகில் போட்டாள். தானும் அதன் மேல் பாரமாகச் சாய்ந்தாள். செம்பி நின்றது. அவள் நில் என்று சொன்னவரை நின்றது. முடிந்ததும் இறங்கி, கறந்து முடித்த பசுவுக்குச் செய்வதுபோல் பின்தொடையில் பட்டென்று ஒரு தட்டு தட்டி, "போடி" என்றாள். குட்டி நகர்ந்து புல்லுக்குப் போனது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தோடு பயமும் இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சவாரிக்காரன் வந்தான். லாசரோ என்று பெயர். பக்கத்து ஊஜோங் பாசிரில் குடியிருக்கும் போர்த்துகீசிய வம்சம். சிங்கப்பூரில் ஓட்டுகிறவன். சின்ன உடம்பு, பெரிய வாய். தவுக்கே கைத்தடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோட்டக்காரர்களும் கார் டிரைவரும் வேலியோரம் நின்றார்கள். எல்லோரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். கோகிலா புல்லுக்கட்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

நல்லையா செம்பியைக் கொண்டுவந்தான். வலப்பக்கமாக நின்று பிடித்தான். முகம் வெளுத்திருந்தது. லாசரோ சவுக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்தான்.

"இந்தப் பக்கமா ஏறுங்களேன்" என்றான் நல்லையா.

"வலப்பக்கமாகவா? எதற்கு?"

"குட்டிக்கு இந்தப் பக்கம் பழக்கம்."

"ஐயா, நான் என் கல்யாணக் கட்டிலில்கூட வலப்பக்கமாக ஏறியதில்லை." வேலியோரம் சிரிப்பு எழுந்தது. லாசரோ அங்கவடியில் கால் வைத்தான். நல்லையா கண்ணை மூடிக்கொண்டான். கோகிலா மூடவில்லை.

செம்பியின் தோல் ஒரு முறை சிலிர்த்தது. அவ்வளவுதான். லாசரோ மேலே இருந்தான். குட்டி கல்லாக நின்றது.

நல்லையா கண்ணைத் திறந்தான். நம்பாமல் பார்த்தான்.

"நல்ல குட்டி" என்றார் தவுக்கே. "நடத்து."

லாசரோ குதிகாலால் ஒரு தட்டு தட்டினான். செம்பி நின்றது. நாக்கைச் சொடுக்கினான். நின்றது. நல்லையா முன்னால் போய்க் கயிற்றை இழுத்தான். கழுத்து நீண்டது. கால் நகரவில்லை. காது மட்டும் பின்பக்கம் திரும்பி எதையோ தேடியது.

"இது கூடாவா, லெம்புவா?" என்றார் தவுக்கே. குதிரையா மாடா என்று அவர் கேட்டதும் வேலியோரம் முழுக்கச் சிரித்தது. டிரைவர், கறக்கச் சொம்பு கொண்டுவரட்டுமா என்றான்.

கோகிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பசுவுக்கு நிற்கத் தெரிந்தால் போதும். அவள் நிற்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதுகில் பாரம் இருந்தால் நிற்க வேண்டும். தட்டு விழும் வரை நிற்க வேண்டும். செம்பி சொன்னபடி நின்றுகொண்டிருந்தது.

லாசரோவுக்கு முகம் சிவந்தது. சவுக்கை எடுத்தான். செம்பியின் காது தலையோடு படிந்தது. பின்னங்கால்கள் இறுகின. அந்த அடி விழுந்தால் குட்டி எழும்பும். எழும்பினால் அவன் தரையில். பிறகு அதன் பேர் முரடு.

கோகிலா புல்லுக்கட்டைப் போட்டாள். வேலிக்குள் குனிந்து நுழைந்தாள். நல்லையா, "கோகிலா!" என்று கத்தினான். அவள் நேராகப் போய்ப் பின்தொடையில் பட்டென்று தட்டினாள்.

"போடி."

செம்பி நடந்தது. பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு, கறவை முடிந்த பசுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது. நாலு எட்டு வைத்ததும் நல்லையா கயிற்றைக் கழற்றி எடுத்தான், லாசரோ குதிகாலால் மெல்லத் தொட்டான். அது ஓட்டமானது. முற்றத்தை வட்டமிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

தவுக்கே எழுந்தார். குட்டியைப் பார்க்கவில்லை. கோகிலாவைப் பார்த்தார்.

"யார் பழக்கியது?"

"இடப்பக்கம் நான். வலப்பக்கம் அவரு."

தவுக்கே நல்லையா பக்கம் திரும்பினார். பழகாத குட்டிகளை வருஷக்கணக்காகப் பார்த்த கண்.

"கையைத் தூக்கு."

நல்லையா தூக்கினான்.

"அந்தக் கை இல்லை."

நல்லையா வலது கையைத் தூக்கினான். மார்பு வரை வந்தது. அங்கேயே நின்றது. அவன் பல்லைக் கடித்தான். தவுக்கே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இறக்கு" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கோகிலாவுக்குத் தோன்றியது.

"ஒரு குட்டிக்கு ஒரு கை என்றேன். இங்கே யார் யார் கையோ. போய் ஆஸ்பத்திரியில் காட்டு. இந்தக் கையோடு லாயத்துக்குள் வராதே."

"வீடு?" என்றாள் கோகிலா.

"வீடு குட்டியைப் பார்க்கிற ஆளுக்கு." அவர் தடியை ஊன்றினார். "லோரி ஏறும் வரை இதை யார் பார்ப்பது? அடுத்த கப்பலில் இன்னும் ரெண்டு வருகிறது. அதை யார் பார்ப்பது?"

நல்லையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். தவுக்கேயும் காத்திருந்தார். வேலியோரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலும் காத்திருக்க முடியாது.

"நான் பாக்கிறேன்" என்றாள்.

சொல்லும்போது புருஷன் பக்கம் திரும்பவில்லை. சொன்ன பிறகு திரும்பினாள். அவன் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினான். ஒழுங்காகச் சுருட்டி நாற்காலியின் மேல் வைத்தான். பிறகு நடந்தான். வீட்டுப் பக்கம் போகவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போனான்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழுந்திருக்கும்.

அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் லாசரோ குட்டியை எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். குதித்து இறங்கி, கடிவாளத்தை அவளிடம் நீட்டினான்.

"பிடி, அக்கா. வேர்வையில் நனைந்துபோயிருக்கிறது. காயும் வரை நடத்த வேண்டும். இப்படியே நிறுத்தினால் தசை பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் நான் இதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்."

கோகிலா கடிவாளத்தை வாங்கினாள். இடப்பக்கமாக நின்று, வலது கையால் பிடித்தாள். செம்பி அவள் தோளில் மூச்சு விட்டது. முற்றத்தைச் சுற்றி நடந்தாள். கேட்டுக்கு நேரே வரும்போதெல்லாம் ரோடு தெரிந்தது. ஒரு தடவை கொடிக்கம்பு ஏற்றிய லோரி போனது. ஒரு தடவை வெறும் வெயில். ஒரு தடவை யாரோ சைக்கிளில். அவன் இல்லை.

குட்டியின் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை. நடந்தாள்.