ஜன்னல் ஃபோன்

தையல் மெஷின் மெக்கானிக்கின் வீட்டு முன்னறையில், அவர் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் படம் பிடிக்க மூன்று ஃபோன்கள் இருந்தன. மூன்றுக்கும் பெயர் வைத்தவள் அவர் மனைவி. அலமாரியிலிருந்து நீட்டிய மரச்சட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது மேல் ஃபோன். அது அவர் கைகளையும் மெஷினையும் பார்க்கும். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தது முன் ஃபோன், முகத்துக்கு. மகள் கழித்துப்போட்ட, மூலையில் விரிசல் விட்ட பழையதுதான் ஜன்னல் ஃபோன். அது பக்கவாட்டில் அவர் தோளையும், தோளுக்கு அப்பால் சமையலறை வாசலையும் பார்க்கும்.

அந்த ஜன்னல் ஃபோன் இப்போது மேஜை டிராயரில், பாபின் டப்பாக்களுக்கு அடியில், ஐந்து வாரமாக அணைந்து கிடந்தது. மனைவி போய்ச் சேர்ந்தும் ஐந்து வாரம்.

“அப்பா, அந்தப் பழைய ஃபோன் எங்க?” என்றாள் மகள். விடிந்தால் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அம்மா கடைசியாக எடுத்த வீடியோவை முடித்துக் கொடுத்துவிடுவது என்று லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“எதுக்கு? ரெண்டு போதாதா?”

“போதாதுப்பா. நடுவுல குனியறீங்க. மேல் ஃபோன்ல மெஷினே தெரியல, உங்க வழுக்கைதான் பளபளன்னு தெரியுது. பார்க்கறவங்க ஊசியை எங்கன்னு தேடுவாங்க?”

மனைவி இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் போல மனிதர் முழுக்க மரத்துப் போயிருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். உப்பு சரியா என்று கேட்டால் சரி என்றார். வந்துபோன சொந்தக்காரர்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, என்ன கல்நெஞ்சோ என்று வாசலைத் தாண்டும் முன்பே பேசிக்கொண்டார்கள். அழுகையைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

அவர்கள் எல்லாரிடமும் அவர் ஒன்றைத்தான் சொன்னார். “ஒரு சத்தம்கூடப் போடல. சத்தமில்லாம போயிட்டா.” கேட்டவர்கள், புண்ணியவதி என்று உச்சுக்கொட்டினார்கள்.

சத்தம் போடாததற்குக் காரணம் இருந்தது. அது அந்த வீட்டின் சட்டம். மூன்று ஃபோனிலும் சிவப்புப் புள்ளி வந்ததும் அவள் வாசலில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுவாள். மூன்று படத்தையும் பிறகு ஒன்றோடொன்று பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம். தட்டிய பிறகு அவரைத் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை, நன்றாக வந்துகொண்டிருந்த படத்துக்குள் குக்கர் விசில் புகுந்துவிட்டது. மெக்கானிக் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஏதோ ஊரே இடிந்து விழுந்துவிட்ட மாதிரி. அன்றிலிருந்து எல்லாம் கைஜாடைதான். விரித்த உள்ளங்கை என்றால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் நடக்கட்டும். ஒற்றை விரல் என்றால் ஒரு நிமிஷம் பொறு. ஒற்றை விரலைக் காட்டுவது பெரும்பாலும் அவர்தான்.

அவள் போன அன்றைக்கு அவர் குனிந்து ஊசிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்கண்ணில் அவள் கை உயர்வது தெரிந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். திரும்பாமலே ஒற்றை விரலைக் காட்டினார். வேலையை முழுதாக முடித்துவிட்டு, “எப்படி வந்திருக்கு?” என்று கேட்டபோது பதில் இல்லை. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

உயர்ந்தது உள்ளங்கையா, சுழலும் விரலா? நடக்கட்டும் என்று அவளே சொல்லியிருந்தால் அவர் மேல் குற்றமில்லை. பார்த்த ஒரே சாட்சி டிராயருக்குள் இருந்தது. எடுத்துப் பார்க்கத் துணிவில்லை, அழித்துவிடவும் மனம் வரவில்லை. நூறு மெஷினைக் கழற்றிப் பூட்டியவர், ஒரு டிராயரைத் திறக்க ஐந்து வாரமாகப் பயந்துகொண்டிருந்தார்.

“இருக்கா, தொலைச்சிட்டீங்களா?”

“இருக்கு. சார்ஜ் போடணும். நீ டீ போடு போ.”

மகள் உள்ளே போனாள். ஃபோனுக்கு உயிர் வந்ததும் அவர் ஜன்னலோரம் நின்று வீடியோவைத் திறந்தார்.

விரிசலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். கை தட்டினாள். உள்ளே போனாள். அவர் பேசத் தொடங்கினார். ஊசி இறங்கி ஏறும் இடத்தில் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினார். பதினெட்டாவது நிமிஷத்தில் அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை உயர்த்தினாள்.

உள்ளங்கைதான். ஐந்து விரலும் நன்றாக விரிந்திருந்தன.

படத்தில் குனிந்திருந்த வழுக்கைத் தலை திரும்பவில்லை. ஒற்றை விரல் மட்டும் எழுந்தது.

அவள் கையை இறக்கினாள். தோளில் கிடந்த கைத்துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நிலையோடு சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் கால் பட்டுவிடாமல் ஒதுக்கிக்கொண்டு. அவர் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார். அவளுடைய மூச்சுகூடப் பதிவாகவில்லை. “அவசரமே வேண்டாம், பொறுமையா செய்யுங்க” என்று அவர் குரல்தான் இன்னும் பதினோரு நிமிஷம் ஓடியது.

தான்தான் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர வலிக்கவில்லை. வலிக்காததைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது.

மகள் டீயோடு வந்தாள். “கிடைச்சுதா? சத்தம் சுத்தமா இருக்கா?”

“சுத்தமா இருக்கு.”

அழிக்கும் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. ஃபோன் கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி புண்ணியவதியாகவே இருப்பாள். அவரும் கல்நெஞ்சுக்காரர் என்ற பட்டத்தோடு காலத்தை ஓட்டிவிடலாம்.

“பதினெட்டாவது நிமிஷத்துல இருந்து பாரு,” என்று மகளிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே பார்த்தாள். பதினோரு நிமிஷமும் பார்த்தாள். டீயில் ஆடை படர்ந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்ததும் அவள் ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்தாள். என்னவோ கேட்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் கை தானாக எழுந்துவிட்டது. ஒற்றை விரல். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அவர் மற்றொரு கையால் அந்த விரலைப் பற்றிக் கீழே இறக்கினார். மடியில் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டார்.

“கேளும்மா,” என்றார்.